இரண்டு உழுவாரு

டெபோரா என்ற பெயர் முதலில் ஊரார் காதில் விழுந்தது வெற்றிலைக் கொடிக்காலில். வெற்றிலையைக் கவுளி கவுளியாகக் கட்டிக்கொண்டிருந்த ரஞ்சிதா, "டெபோராக்கா வாரதுக்குள்ள முடிக்கோணும், வெரசாக் கட்டுங்க" என்று பறந்தாள். "அதாரு சாமி, டீ போறா? டீ குடிக்கப் போறாளா?" என்று பழனியம்மாள் கேட்க, கொடிக்கால் முழுக்கச் சிரிப்பு.

யார் பெண் என்றால், பரமத்தி வேலூருக்கு மேற்கே இந்த ஊரில் இருபது வருஷம் பிரசவம் பார்த்தாரே நர்சம்மா அன்னாள், அவருடைய தம்பி மகள். அப்பா சகாயராஜ் சேலத்தில் லாரிகளுக்குப் பெயர் எழுதியவர். டெபோரா நாமக்கல்லில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அத்தையைப் பார்க்க வந்த இடத்தில், படிப்பை விட்டுவிட்டு இலை கிள்ளவும் வாழைத்தார் ஏற்றவும் போகிற பிள்ளைகளைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அந்தப் பிள்ளைகளை எழுதவைக்க இங்கே பஸ் ஏறிவிடுகிறாள். மூன்று வருஷம் ஆகிறது.

அவள் பையில் அச்சில் கெட்டுப்போன கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில்தான், வெற்றிலை ஏலக் கொட்டகையில் உட்கார்ந்து ரஞ்சிதாவோடு சேர்த்துப் பதினாலு பேர் எழுதுகிறார்கள். வீட்டில் நடந்தது, வேலையில் நடந்தது, எதுவானாலும் சரி. வருஷத்துக்கு ஒரு தரம் அது சின்னப் புத்தகமாகி ஊரெல்லாம் போகும்.

பிழையைக் கண்டால் மட்டும் டெபோராவின் கை நிற்காது. டீக்கடைப் பலகையில் 'சூடாண பஜ்ஜி' என்று இருந்ததைக் கடைக்காரரிடமே சாக்பீஸ் வாங்கித் திருத்தியவள். பிள்ளைகள் 'ஊடு' என்று எழுதினால் 'வீடு' ஆக்குவாள். "பேசறப்ப ஊடு, எழுதறப்ப வீடு" என்பாள்.

இந்த வருஷம் சிக்கல் ஜெயபிரகாஷிடம் வந்தது. பத்தொன்பது வயது, ஒன்பதாவதோடு நின்றவன், வாழைத்தார் ஏற்றுகிறவன். ஒரு வருஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் தடவையாக இரண்டே வரி எழுதிக் கொடுத்தான்.

'எங்கப்பன் காலையில உழுவாரு. பொழுதெறங்குனா உழுவாரு.'

டெபோரா இரண்டாவது 'உழுவாரு'வை அடித்து மேலே 'விழுவார்' என்று எழுதினாள்.

"ஏனுங்க்கா அடிச்சீங்க?"

"மொதல்ல உள்ளது ஏர் ஓட்டறது. ரெண்டாவது குடிச்சுட்டுக் கீழ விழறது. வேற வேற சொல்லு தம்பி."

"எங்கூட்டுல ரண்டும் ஒரே சொல்லுதானுங்க. ரண்டையும் பண்றதும் ஒரே ஆளுதான்."

"ஆமாடா, உங்கப்பன் உழுகாத எடம் எது?" என்று யாரோ சொல்ல, கொட்டகை சிரித்தது. அவன் எழுந்து போய்விட்டான்.

மூன்று ஞாயிறு வரவில்லை. நான்காவது ஞாயிறு டெபோரா வாழைத்தோட்டத்துக்கே போனாள். தோளில் தாரோடு நின்றான்.

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க்கா. நீங்க திருத்துனது சரிதான். ஆனா படிச்சுப் பாத்தா வேற ஆரோ அவங்கப்பனப் பத்தி எழுதுன மாதிரி இருக்குது." தாரை வண்டியில் இறக்கினான். "அதுக்கு எதுக்கு நான் வாரோணும்?"

பஸ்ஸில் நாமக்கல் வரைக்கும் டெபோரா அந்த இரண்டு வரியையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். காலையில் நிமிர்ந்து ஏர் பிடித்த மனிதன், சாயங்காலம் அதே சொல்லில் மண்ணில் கிடந்தான். அவள் எழுதிய சொல்லில் அந்த மனிதன் இல்லை.

மறுநாள் அச்சகத்தில், தான் அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தாள். அடித்ததை அப்படியே விட்டுவிடு என்று அச்சுக்காரர்களுக்கு அதுதான் அடையாளம். முதலாளி பாலசுந்தரம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, பொஸ்தகத்துல உன்ற பேரு போட்டிருக்குது. படிக்கறவன் உனக்குத் தமிழ் தெரியாதும்பான்."

"சொல்லட்டுங்க."

புத்தகம் வந்தது. ஜெயபிரகாஷ் தன் பக்கத்தைப் படித்தான். அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு ஒரு பக்கம் நிறைந்தது.

இப்போது டெபோரா ஏலக் கொட்டகையில், அவனுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் எழுதியதில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுக்கு என்னங்க சாமி அர்த்தம்?" என்று கேட்கிறாள்.