பெஸாக் சூப்பில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஹென்டனில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து, வீட்டுக்காரம்மா ரூத் தன் மேல்கோட்டுகளின் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து உதறிக்கொண்டிருந்தார். எதையோ தொலைத்துவிட்டார் போலும் என்று நானும் குனிந்து தரையைத் துழாவினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது.

“எதைத் தேடுகிறோம்?”

“ரொட்டித் துகள்.”

“கிடைத்தால் என்ன செய்வீர்கள்?”

“கிடைக்கக் கூடாது என்றுதானே தேடுகிறேன்!”

ரூத் யூதர். அவர்களுடைய வசந்தப் பண்டிகை வரப்போகிறது. பெஸாக் என்கிறார்கள், ஆங்கிலத்தில் பாஸோவர். எகிப்தில் அடிமைகளாகக் கிடந்த முன்னோர்கள் விடுதலை பெற்று ஓடிவந்தபோது, பிசைந்த மாவு உப்பி வரும்வரைகூடக் காத்திருக்க நேரமில்லையாம். தட்டையாகச் சுட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த அவசரத்தின் நினைவாக எட்டு நாளைக்கு ரொட்டி, பிஸ்கட், ரவை, கோதுமை மாவு என்று எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. மாட்ஸா என்னும் உப்பாத ரொட்டி மட்டும்தான். இதற்கும் முந்தைய கதை ஒன்று இருப்பதாக ரூத் சொன்னார். வாற்கோதுமை அறுக்கும் குடியானவர்களுக்கு ஒரு விழா, ஆடு குட்டி போடும் பருவத்தில் இடையர்களுக்கு ஒரு விழா. இரண்டும் பிற்பாடு விடுதலைக் கதையோடு சேர்ந்து ஒன்றாகிவிட்டன என்று ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்களாம். “என் மகனிடம் மட்டும் இதைச் சொல்லி வைக்காதே” என்று கண்ணடித்தார்.

மகன் டேனியல் லண்டனிலேயே ஸ்டாம்போர்ட் ஹில்லில் இருக்கிறார். திருமணத்துக்குப் பிறகு ஆசாரத்தில் ஆழமாக இறங்கிவிட்டவர். உணவு விதிகளில் அம்மாவின் சமையலறையை அவர் நம்புவதில்லை. எப்போதாவது வந்தாலும் கையோடு கொண்டுவந்த ஆப்பிளைத் தின்றுவிட்டுப் போவார். ரூத் அந்த ஆப்பிளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வருடம்தான், முதல் இரவு விருந்தான ஸேடருக்கு மனைவி குழந்தைகளோடு வந்து சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். கோட்டுப் பைகள் உதறப்பட்டது அதற்காகத்தான்.

“எட்டு நாளைக்கு நீ கீழே சமைக்க வேண்டாம். பண்டிகைக்கென்று வாங்கிய புதுப் பாத்திரங்களைத் தொட வேண்டாம். உன் பாத்திரங்களை உன் அறைக்கு எடுத்துப்போய்விடு. முதல் இரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு” என்றார் ரூத். கடைசி வாக்கியம் என் காதில் ஏறவே இல்லை. ‘தொட வேண்டாம்’ என்பதிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியபோது, விழுப்புரம் பக்கம் இருக்கும் எங்கள் காலனிக்கே ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வாழ்த்த வந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். படிப்பைப் பற்றி நெடுநேரம் நல்லதாகவே பேசினார். போகும்போது டம்ளரை அப்படியே குடத்தின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார். ஏடு படிந்து ஆறிப்போன அந்த டீயை அம்மா கொட்டவில்லை. அவளே குடித்தாள். லண்டனுக்கு வந்த பிறகும் போனில் அவள் கேட்கும் முதல் கேள்வி வேலையைப் பற்றியல்ல. “அந்த வூட்டுல ஒனக்குத் தனித் தட்டாடா?” என்பதுதான். இல்லையம்மா என்பேன். இனி என்ன சொல்வது என்று பாத்திரங்களை மாடிக்குத் தூக்கிப்போகும்போது யோசித்தேன்.

பண்டிகை தொடங்கும் நாளன்று ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிப்ட் முடித்துத் திரும்பியபோது வாசலிலேயே பெருங்காயம் மணத்தது. ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பனிக்காலத்தில் ரூத்துக்கு வயிறு உப்பிக்கொண்டு அவதிப்பட்டபோது மோரில் கலந்து கொடுத்தவன் நான். “ஒரு செடியின் பிசின், வேறொன்றும் இல்லை” என்று நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

“கோழி சூப்பில் உன் பொடி கொஞ்சம் போட்டேன். டேனியல் அசந்துபோவான்!” என்றார் ரூத், கையில் கரண்டியோடு. அதுவரை எண்ணெய்ப் பிசுக்குப் படாத புதுப் பானையில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மாடிக்குக் கொண்டுபோக மறந்த என் மஞ்சள் டப்பா மேடைமேல் இருந்தது. எடுத்தவன் சும்மா வந்திருக்கலாம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கோதுமை மாவு என்று போட்டிருந்தது.

அறைக்கு ஓடிப்போய் குகன் அண்ணைக்குப் போன் போட்டேன். நான் முன்பு தோர்ண்டன் ஹீத்தில் இருந்தபோது சாமான் வாங்கிய இலங்கைத் தமிழ்க் கடைக்காரர் அவர். டப்பாவும் அங்கே வாங்கியதுதான்.

“அண்ணே, பெருங்காயத்துல கோதுமை கலப்பாங்களா?”

“ஓம் தம்பி, தனியப் பிசினெண்டால் அந்த விலைக்கு ஆர் வாங்கேலும்? ஏன், உமக்கு அலர்ஜியோ?”

“எனக்கில்ல அண்ணே, ஒரு சூப்புக்கு.”

“சூப்புக்கு அலர்ஜியோ!” சிரித்து முடித்தபின் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். “உது கண்ணுக்கே தெரியாத அளவடாப்பா. பேசாமல் இரும். சொன்னீரெண்டால் அந்த மனுசியின்ர பெருநாளே போச்சு. பெடியன் பிறகு வரவே மாட்டான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னொரு தாய் முன்னால் இன்னொரு நிறைந்த டம்ளர் அப்படியே ஆறிப்போவதை நான் பார்க்க வேண்டுமா? வாயை மூடிக்கொண்டால் எல்லோரும் சாப்பிடுவார்கள். கட்டிலில் உட்கார்ந்தேன், எழுந்தேன். கீழே கரண்டி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பெரிய மனிதர் விலக்கியது டீயை அல்ல, எங்களை. டேனியல் விலக்குவது மாவை. தன் அம்மாவையோ என்னையோ அல்ல. நம்பி வாயைத் திறக்கப்போகிறவருக்குத் தெரியாமல் அதை ஊட்டிவிட்டு அதே மேசையில் நான் எப்படி உட்காருவேன்? படியிறங்கினேன்.

டப்பாவை நீட்டினேன். ரூத் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். அடுப்பை அணைத்தார்.

“நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்.”

மகனுக்குப் போன் செய்தார். எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. “இல்லை, அவனைச் சொல்லாதே. படிக்காமல் போட்டது நான்... எல்லாம் சரி என்று சொல்லிச் சமாளிக்கவில்லையே, இப்போது உன்னிடம்தானே சொல்கிறேன்.” போனை வைத்துவிட்டு, “யோசிக்கிறானாம்” என்றார். என் சாஸ்பேனைக் கொண்டுவரச் சொல்லி சூப்பை அதில் ஊற்றினார். “இது இனி உன்னுடையது. இந்த வீட்டில் இதைக் குடிக்க உரிமை உள்ளவன் நீ ஒருவன்தான்.” புதுப் பானை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொட்டகைக்குப் போயிற்று. பிறகு இருவரும் ஜன்னல் பக்கம் பார்க்காதவர்கள்போல நடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெயில் சாயும் நேரத்தில் கார் வந்தது. முதலில் இறங்கியது ஒரு பானை. அதன் பின்னால் டேனியல்.

“டப்பா உன்னுடையதா?” என்றார் என்னைப் பார்த்து.

“ஆமாம். மன்னிக்க வேண்டும்.”

“என் அம்மா தானாகப் போன் செய்து ‘தவறிவிட்டது’ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. இனி அவர் ‘சரி’ என்றால் நம்பலாம் அல்லவா?” சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் இல்லை. அன்றிரவு கண்ணீரின் நினைவாக உப்புத் தண்ணீர், அடிமை வாழ்வின் நினைவாகக் கசப்புக் கிழங்கு. குதிரைமுள்ளங்கி என்ற அந்தக் கிழங்கின் காரம் தலைக்கேறி நான் அழுததைப் பார்த்து அவருடைய சின்ன மகள் உருண்டு சிரித்தாள். சூப் அவர் வீட்டுச் சூப். மீனும் உருளைக்கிழங்கும் ரூத்தினுடையவை. டேனியல் இரண்டாம் முறை உருளைக்கிழங்கு கேட்டபோது ரூத் பரிமாறும் கரண்டியைத் தவறவிட்டார்.

மறுநாள் காலை என் அறையில், சாஸ்பேனை மடியில் வைத்து ஆறிய சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வீடியோவில் வந்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“ஏன்டா ரூமுக்குள்ள தனியா குந்திச் சாப்புடுற? கீழ சேத்துக்கலியா?”

பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. ரூத், நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று மூச்சை இழுத்து வாசனை பிடித்தார்.

“உப்பு சரியாக இருக்கிறதா?”

“யார்ரா அது? என்னா கேக்குறாங்க?” என்றாள் அம்மா.

“வீட்டுக்காரம்மா. சூப்புல உப்பு சரியாருக்கான்னு கேக்குறாங்க.”

“ஏன், செஞ்சவங்க குடிச்சுப் பாக்கலியா?”

“அவங்க இதக் குடிக்கக் கூடாதும்மா. நான் மட்டுந்தான் குடிக்கலாம்.”

அம்மா சாஸ்பேனை உற்றுப் பார்த்தாள். நான் கதவுப் பக்கம் திரும்பி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ரூத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

உப்பு கொஞ்சம் குறைவுதான். அதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.