தள்ளி நின்று பாருங்கள்

அம்மாவுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. கேமராவைக் கண்டதும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவாள். தப்பித்தவறி அகப்பட்ட படங்களிலும் கண்ணை மூடியிருப்பாள். அப்படிப்பட்டவள், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "இதுல நல்லாருக்கேன், என்னல?" என்றாள். ஹோமப் புகையில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, அவள் மட்டும் அப்பாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பெருசாப் போட்டு ஹால்ல மாட்டுவமா?" என்றும் கேட்டாள். தனக்கென்று அவள் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

படம் எடுத்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். மாதாபூரில் சாஃப்ட்வேர் வேலை. அமெரிக்காவிலிருந்து டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தார். எங்கள் செகந்திராபாத் திருமுல்கேரி வீட்டு இன்டர்நெட் நத்தை வேகம் என்று, எல்லாப் படங்களையும் சின்னதாகச் சுருக்கி மெயிலில் அனுப்பினார். அனுப்பிய கையோடு கேமரா கார்டையும் துடைத்துவிட்டார், அடுத்து ஏதோ பிறந்தநாள் படங்களுக்கு இடம் வேண்டுமாம். மனிதருக்கு எதில்தான் அவசரமில்லை!

பட்டான்செரு கம்பெனியில் ஷிப்ட் முடித்து, ஷேர் ஆட்டோவில் பிதுங்கி, பஸ் மாறி செகந்திராபாத் ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரர் ஃபைலைத் திறந்துவிட்டு, "படா நக்கோ சாப், ஃபட் ஜாதா" என்றார். பெரிதாக்க வேண்டாம், கிழிந்துவிடும் என்கிறார். புள்ளிகள் போதாமல் உருவம் சிதைவதை இந்த ஊர் ஸ்டூடியோக்களில் கிழிவது என்றுதான் சொல்வார்கள். போஸ்ட்கார்டு அளவுக்குத்தான் தாங்குமாம்.

அத்தானுக்குப் போன் செய்தேன். "ரெசல்யூஷன்தானே பிரச்சனை? முந்நூறு ஆக்கி அனுப்புறேன்" என்றார். மறுநாளே அனுப்பினார். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று காட்டும் கட்டத்தில் எழுபத்திரண்டை அழித்து முந்நூறு என்று அடித்திருந்தார், அவ்வளவுதான். உள்ளே இருந்தவை அதே புள்ளிகள். காலரில் இருக்கும் அளவுச் சீட்டை மாற்றித் தைத்தால் சட்டை பெரிதாகிவிடுமா? கேட்டும் விட்டேன். "அந்த ஸ்டூடியோ மெஷின் பழசா இருக்கும் மச்சான்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சின்னதாகவே போடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "மாப்ள மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பிருக்காரு. போடலேன்னா என்ன நெனப்பாரு? பெருசாவே போடுல." அம்மா ஆசைப்பட்ட முகம் அதில் தெரியுமா என்று அவர் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை செய்தது தப்பு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. கடைசியில் எனக்கும் வரவில்லை.

பிரேம் போட்டு வாங்கி வந்தேன். அம்மாவின் கண்ணோரமெல்லாம் படிக்கட்டுப் போல உடைந்திருந்தது. பற்கள் கரைந்து ஒரே வெள்ளைக் கோடாகியிருந்தன. போதாக்குறைக்குக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு அம்மாவை வெளுப்பாக்கியும் விட்டிருந்தார். அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். அப்படியே திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள். "வாசல்ல நின்னு பாரு, ஜோராத் தெரியுது" என்று அப்பா அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு வாரம் அது சுவரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே படம் கண்ணில் பட்டுவிட்டது.

"நான் சொன்னேன்ல மச்சான்? சூப்பரா வந்திருக்கு. பெரிய போட்டோவ எப்பவும் தள்ளி நின்னுதான் பாக்கணும்."

அப்பா பலமாகத் தலையாட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேப்பரைப் புரட்டினேன்.

அத்தான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அம்மா காபியோடு வந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுக்கவில்லை. படத்துக்கு நேர் கீழே இருந்த ஸ்டூலில் வைத்தாள்.

"இங்ஙன வந்து குடிங்க மாப்ள."

அத்தான் எழுந்து போய் டம்ளரை எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். காபியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றார்.

"நான் தெனமும் இங்ஙன நின்னுதான் இதத் தொடைக்கேன்" என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமல். "தூரத்துல நின்னு பாத்துட்டுப் போறதுக்கு நான் என்ன விருந்தாளியா?"