கொலுசில்லாமல் அளந்த நடை

“தை, இரண்டாம் செவ்வாய். பவித்ராவுக்கு நடைச் சோதனை. பனி.” விடுப்பில் சொந்த ஊரான பாகூருக்குப் போயிருந்தபோது நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்.

பாரீசுக்கு வெளியே நான் வேலை செய்யும் கிடங்கில், மகள் பவித்ராவுக்கு ஐந்து வயதாகியும் நடை தாமதம் என்று என் பிரெஞ்சில் ஒருமுறை சொன்னேன். உடன் வேலை செய்யும் பெண்மணி, அவள் நேரங்கழித்து நடந்து வீடு திரும்புகிறாள் என்று எண்ணிக்கொண்டு, உங்கள் ஊர்த் தெருவில் விளக்கு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். மேலே விளக்கச் சொற்கள் இல்லை. இங்கே இப்படிப்பட்ட குழந்தையைத் தொடக்கத்திலேயே கினே எனப்படும் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார்கள். ஊரில் எல்லோரும் “மெதுவா வரும்” என்றார்கள். அந்தச் சொல்லிலேயே வருடங்கள் போயின. பிறகு பள்ளி கேட்டது. முதல் வகுப்பு மாடியில். தானாகப் படியேறுவாள் என்று மருத்துவர் எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள்.

அதற்காகத்தான் வில்லியனூர்ப் பக்கத்து மருத்துவமனைக்குப் போனோம். இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டாணி அளவு மினுங்கும் உருண்டைகளை ஒட்டி நடக்கவிட்டார்கள். சுவர்க் கேமராக்களுக்கு அந்த உருண்டைகள் மட்டுமே தெரியும். திரையில் என் மகள் புள்ளிகளாக நடந்தாள். ஒரு காலோடு மறுகால் எப்படி இசைகிறது என்பதை அதிலிருந்து கணக்கிடுவார்கள். ஆனால் கணுக்காலருகே ஒட்டாத புள்ளிகளும் மின்னின. வெள்ளிக் கொலுசு. கழற்றுங்கள் என்றார் சோதனை செய்த பெண். என் மனைவி அமுதா மறித்தாள்.

“கொலுசு போட்டாதான் மேடம் இவ நேரா நடப்பா. அந்த சத்தத்த கேட்டுக்கினேதான் அடுத்த காலு வெப்பா.”

கழற்ற வேண்டாம், நாடா சுற்றி மறைத்துவிடலாம் என்றார் அவர்.

“சுத்திட்டா சத்தம் எப்டி மேடம் வரும்?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “நீ இன்னா மாமா, வாயத் தொறக்காம நிக்கிற? பிரான்சுல இதத்தான் கத்துக்கினியா?”

சுற்றினாலும் கழற்றினாலும் சத்தமில்லை என்றானதும் அமுதாவே கொலுசைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். பவித்ரா கொஞ்ச தூரம் போய், இடறி, தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். திரும்பத் திரும்ப நடக்கவிட்டும் அப்படித்தான். இரு கால்களுக்கும் இசைவு மிகக் குறைவு, வயதோடு சரியாகும் என்று சொல்வதற்கில்லை, துணையின்றிப் படியேறுவது அநேகமாக இயலாது என்று மருத்துவர் தணிந்த குரலில் சொன்னார். பள்ளி கேட்ட வரியை அவரால் எழுத முடியவில்லை. வீட்டில் கொலுசை மாட்டியதும் அவள் கூடத்தில் ஓரளவு நேராக நடந்ததுபோல் எனக்குப் பட்டது. பெற்றவன் கண்ணை யார் நம்புவார்கள்?

இப்போது வீடியோ அழைப்பில் அமுதா அவளை நடக்கவிட்டுக் காட்டுகிறாள். பாகூரில் கால் பதிவது முதலில் தெரிகிறது. கொலுசுச் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் என் அறைக்கு வருகிறது. “தெரிதா மாமா?” என்கிறாள். காலும் ஓசையும் அங்கே சேர்ந்துதான் வருகின்றனவா, இங்கிருந்து சொல்ல முடிவதில்லை. கொலுசுச் சத்தத்தில் பவித்ராவின் நடை சீராகிறது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.