நவ்ஷி குச்சியைக் கீழே வைத்த கல்யாணம்

எங்கள் பாடாவில், இந்தச் சின்னக் குடியிருப்பில், கல்யாணம் என்றால் மாப்பிள்ளை தேடுவதற்கு முன்னால் நவ்ஷியைத் தேடுவார்கள். செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவைக் கரைத்துக் குச்சியால் சதுரமாகச் சவுக் கோலம் எழுதி, நடுவில் கல்யாணத் தெய்வம் பாலகட் தேவியை வரைந்து அமர்த்தினால்தான் வார்லி வீட்டில் கல்யாணம் நடக்கும். எழுதுகிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். புருஷனை இழந்தவள் கை பட்டால், கல்யாண வீட்டுக்குள் கால் வைத்தால், புதுப்பெண்ணுக்கு ஆகாது.

நவ்ஷி சுமங்கலியா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அவள் புருஷன் லாட்கியா பதினோரு மழைக்கு முன்னால் குஜராத் பக்கம் படகு வேலைக்குப் போனான். போனவர்கள் எல்லோரும் வந்தார்கள், அவன் வரவில்லை. பிணத்தைப் பார்க்காமல் கருகமணியை எப்படி அறுப்பது? "ஹோலிக்கு வந்துடறேன், செவப்பு வளையல் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று அவள் சொல்லிச் சொல்லி, பாடாவில் கைக்குழந்தைக்குக்கூட அந்த வாக்கியம் மனப்பாடம்.

பிள்ளை குட்டி இல்லை. கடைசி வீடு. ராகி ரொட்டி இரண்டு சுடுவாள், ஒன்றைத் தின்பாள், மற்றதைக் கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டு அவற்றோடு சண்டை பிடிப்பாள். "மழை மாசத்துல பேச ஆளில்லாம வாய் நாறிப்போகுதுடி, தாரு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். கல்யாண மாசங்களில் மட்டும் அவளுக்கு ஆள் உண்டு. ஒரு சுவர் முன்னால் ஐந்தாறு பெண்கள் தொடை இடிக்க உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டிப் பாடிக்கொண்டே எழுதுவோம். எங்களில் அதிகம் சிரிப்பவள் அவள்தான்.

பார்க்கியாவின் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்குள் தேவியை எழுதி முடித்திருந்தாள் நவ்ஷி. குதிரைமேல் வரும் சாமி மட்டும் பாக்கி. பக்கத்தில் சாமியாடி ரட்கியா கள்ளைக் குடித்து, தேவியை அழைத்துப் பாடிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் உடம்பு உதறியது.

"நான் லாட்கியா... தண்ணியில கெடக்கேன். குளிருது. என்னைக் கரை சேருங்க."

பாட்டு நின்றது. "ஐயோ, புருஷன் செத்தவ எம் பொண்ணு சுவத்த எழுதிட்டாளே!" என்று பெண்ணின் அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். நவ்ஷி குச்சியோடு திரும்பினாள்.

"நீ லாட்கியாதானா? அப்ப, போற அன்னிக்கு எங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனே? சொல்லு."

ரட்கியாவின் வாய் திறந்தது. நாங்கள் எல்லோரும் வளையலுக்குக் காத்திருந்தோம். ஒரு சொல் வரவில்லை. அப்படியே சுருண்டு விழுந்தார்.

முதலில் சிரித்தவள் நான்தான். "கைக்குழந்தைக்குத் தெரிஞ்சது லாட்கியாவுக்குத் தெரியலையே! அடுத்த தடவ கள்ளுல தண்ணி ஊத்திக் குடுங்கடி!"

வீடே சிரித்தது. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுடி நவ்ஷி, மாப்பிள்ளை வீட்டாளுங்க வந்துடுவாங்க" என்றாள். நவ்ஷி குச்சியைக் கீழே வைத்தாள்.

"கை வலிக்குது. குதிரைய நீ போடு, தாரு."

அவளுக்குக் கை வலித்து நான் கண்டதில்லை. நான் போட்டேன். "இது குதிரையா, சினை நாயா?" என்று எல்லோரும் என்னைக் கிழித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வெயில் தாழ வீடு திரும்பும்போது வயல் வரப்பில் நின்றாள். "அவர் ஒண்ணுமே சொல்லலையே, தாரு."

"அதான் சொல்றேன், அத்தனையும் புளுகு. மடக்கிட்டேல்ல!"

"லாட்கியாவும் ஒண்ணும் சொல்லலடி. மொத நாள் சண்டை. துணி மூட்டைய எடுத்துத் தோள்ல போட்டான், போயிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல. ஹோலியும் வளையலும் நானாக் கட்டின கதை. ரட்கியா நடிச்சிருந்தா அதைத்தான சொல்லியிருப்பாரு?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபமும் வந்தது. "இது யாருக்குடி தெரியும்? வாய மூடிட்டு எப்பவும்போல எழுது. நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"தேவிய எழுதுறப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு ஒரு கோடு போடல. நாளைக்கு இன்னொருத்தி பொண்ணு நான் எழுதுற சுவருக்கு முன்னால உக்காருவா, தாரு."

மறுநாள் அவளே கொழுந்தனைக் கூப்பிட்டு லாட்கியாவுக்குக் காரியம் செய்யச் சொன்னாள். பாடாவே அழுதது. கருகமணியைத் தன் கையால் கழற்றிக் கொடுத்தாள். கழுத்தில் அது கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

இப்போது சவுக் எழுதுவது நான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நவ்ஷி வருகிறாள், வேலிக்கு வெளியே நின்று எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறாள். உள்ளே அவள் உட்காரும் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் குதிரைக்குக் கால் வரவில்லை. வந்து பார்த்துச் சொல்லடி என்று அவளைக் கூப்பிடவும் முடியவில்லை.