சம்பந்தியை வைத சிதான்

சிதான் ஜாரா என் சக்களத்தி. மூத்தவள். பமாக்கோவில் எங்களுக்கு ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. அவளுக்கு லூபஸ் என்ற நோய் வந்த பிறகு இரண்டையும் நான்தான் அணைக்கிறேன். மூட்டு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள்; மூளைக்குள் மூட்டம் போட்டுவிடுமே, அதுதான் அவளைப் படுத்தும். செல்போனை அரிசிப் பானையில் போட்டுவிட்டு, "அடியே, அரிசி கூப்பிடுது" என்று என்னிடம் ஓடி வருவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். நோய் பண்ணும் வேலை, பைத்தியமில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னால் தெரு கேட்குமா?

தெருப்பேச்சு கனிபா வீடு வரை போய்விட்டது. கனிபா, சிதானின் மகன் பூராமாவுக்குப் பேசியிருந்த பெண். பெண் கேட்டு நாங்கள் அனுப்பிய கோலாக்கொட்டையை வாங்கி வைத்துக்கொண்டவர்கள், மாமியாரை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லியனுப்பினார்கள். வருகிறவர் பெண்ணின் பெரியப்பா. சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

எங்கள் ஊரில் விருந்தாளியைக் குலப்பெயர் சொல்லித்தான் வரவேற்க வேண்டும். காலையிலிருந்து நான் அவளை விடவில்லை.

"அக்கா, வர்றவர் யாரு?"

"சங்காரே. எத்தன தடவடி சொல்றது? நான் என்ன கிளியா?"

கஞ்சி போட்ட நீல அங்கி மொடமொடக்க அவர் வந்தார். சிதான் எழுந்தாள். வாயைத் திறந்தாள். பெயர் போய்விட்டது. நான் அவருக்குப் பின்னாலிருந்து உதட்டை அசைத்துக் காட்டுகிறேன், பார்த்தால்தானே. சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"வாடா த்ராவொரே, காராமணி தின்னி. வயித்துக் காத்த வாசல்லயே விட்டுட்டு உள்ள வா. எங்க பாட்டன் வாங்கின அடிமைப்பய, உனக்கு நாற்காலி ஒரு கேடா?"

ஜாரா குலத்துக்கும் த்ராவொரே குலத்துக்கும் கேலி முறை. பார்த்த இடத்தில் வைதுகொள்ளலாம். கோபிக்கவும் கூடாது, கேட்டதை இல்லையென்று சொல்லவும் கூடாது. ஆனால் சங்காரேவை, அதுவும் சம்பந்தம் பேச வந்தவரை, ஒரு ஜாரா இப்படி வைதால் கல்யாணம் அத்தோடு சரி. பூராமா முகத்தில் ஈயாடவில்லை.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார், மனுஷன்.

"சுங்கத்துல இருந்த வரைக்கும் என்னைத் திட்ட ஒருத்தனுக்கும் தைரியம் வரல. நல்லாத்தான் இருக்கு. சரி, இன்னிக்கு நான் த்ராவொரே. நீதான்டி காராமணி தின்னி. பானையோட முழுங்குறவ."

அப்புறம் கேட்க வேண்டுமா? அவர் ஒன்று, இவள் ஒன்று. பக்கத்து வீட்டார் சுவரேறிப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நடுவிலேயே சிதான் அவரை மடக்கினாள்.

"த்ராவொரேன்னு உன் வாயாலயே சொல்லிட்ட. ஜாரா கேட்டா இல்லைங்கக் கூடாது. பொண்ணக் குடு."

"வகையா மாட்டிக்கிட்டேன்" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "என் பேரே மறந்துபோச்சு. எங்க பொண்ணு பேரையும் மறப்பியா?"

"மறப்பேன்" என்றாள் சிதான்.

ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"பெத்த மகன் பேரே சில நாள் வராது. யாருப்பா நீன்னு கேப்பேன். சோறு போட்டுட்டுத்தான் கேப்பேன்."

பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"பொண்ணு உனக்குத்தான். இப்ப எனக்குப் போடு. தின்னுட்டு, நான் யாருன்னு சொல்றேன்."