கரும்பலகையைப் பிடித்தவள்

மாலை ஐந்தரை மணி. கொத்தமங்கலத்தில் அந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, வழுவழுப்பான தரையில் கோலப்பொடியால் இழுத்திருந்த ஒரு நேர்கோடு.

அறுபதுகளின் கடைசி. நாங்கள் பத்தாம் வகுப்பு. பள்ளியில் மின்விளக்கு கிடையாது. எங்களில் பலர் வீட்டிலும் இல்லை. என் பக்கத்தில் உட்காருகிறவளுக்குக் கணக்கு வராது. முழுப் பரீட்சையில் தவறினால் படிப்பை நிறுத்தித் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். கணக்கு டீச்சர், மின்விளக்கு இருந்த இந்த வீட்டு ஆச்சியிடம் கேட்டு மாலை வகுப்பைத் தொடங்கினார்.

வீடு ஆச்சிக்கு மட்டும் உரியதல்ல. முற்றத்தைச் சுற்றிப் பங்காளிகளுக்கு ஆளுக்கோர் அறை. அறைக்கு முன்னால் உள்ள தாழ்வாரமும் தூணும் அவரவர் பங்கு. டீச்சர் ஆச்சியிடம் மட்டும்தான் சம்மதம் வாங்கியிருந்தார். மலேயாவிலிருந்து வந்திருந்த அடுத்த அறைக்காரர் முதல் நாளே முகம் சுளித்தார். மறுநாள் ஆச்சி கோடு போட்டுவிட்டார்.

அடுத்த அறைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"ஆச்சி, என்ன, பள்ளிக்கூடமே தொறந்துட்டீக?"

"கோட்டுக்கு அங்குட்டு உங்க பங்கு. பிள்ளைக இங்குட்டுத்தான இருக்கு."

"வெளிச்சம் அங்குட்டு வருதே."

"வேண்டாம்னா கதவைச் சாத்திக்கிருங்க."

நாங்கள் சிரிப்பை அடக்கினோம். அவர் விடவில்லை. "பலகை எந்தத் தூணுல சாஞ்சிருக்குன்னு பாருங்க."

அவருடைய தூண்தான். என் பக்கத்திலிருந்தவள் எழுந்துபோய்ப் பலகையைத் தூக்கிவந்தாள். கோட்டுக்கு உள்ளே எங்களைப் பார்த்து உட்கார்ந்து, மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எப்படிடீ கணக்குப் பாப்ப?" என்றார் டீச்சர்.

"நீங்க சொல்லுங்க டீச்சர், கேட்டுக்கிறேன்."

டீச்சர் ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லி எழுதினார். பலகையில் எழுதுவது அவள் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த வரி என்னவென்று முதலில் அவளிடம்தான் கேட்பார். ஆரம்பத்தில் தப்புத் தப்பாகச் சொன்னாள். மாதம் போகப்போக, நாங்கள் நோட்டில் போட்டு முடிக்கும் முன் விடை பலகைக்குப் பின்னாலிருந்து வரத் தொடங்கியது. நாங்கள் மாற்றிப் பிடிக்கக் கேட்டபோது மறுத்துவிட்டாள்.

"வேணாம்டீ. பாத்தாத்தான் எனக்குக் கொழம்புது."

பங்காளி பரீட்சைக்கு முன்பே மலேயாவுக்குத் திரும்பிவிட்டார். பலகை மறுபடி தூணுக்குப் போகவில்லை.

ஜூனில் பதினோராம் வகுப்பில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.