பத்து நிமிடம் கூட்டி வைத்த கடிகாரம்

கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைக்கிற வழக்கத்தை நினைத்தாலே இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வடகரப்பதியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கூட்டியது எல்லோருக்கும் தெரியும், மனசுக்குள் கழித்துக்கொண்டு நிதானமாகத்தான் கிளம்புவார்கள். பிறகு எதற்குக் கூட்டுவது? சரி, வீட்டோடு நின்றால் தொலையட்டும்.

தேவிகுளம் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வேலையாகப் போய்வந்துகொண்டிருந்தேன். டாக்டர் மருந்து எழுதுவது ஒரு கம்ப்யூட்டரில், நர்ஸ் ஊசி போட்டதைப் பதிவது இன்னொன்றில். ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தைப் பார்த்தே நேரம் குறிக்கும். எல்லாம் ஒரே டைம் சர்வரைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளும்படி அமைப்பது அரை நாள் வேலை. மேனேஜர் விடவில்லை. டாக்டர் அறைக் கம்ப்யூட்டரை அவரே பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார்.

"டாக்டர் லேட்டா வர்றாரு. முன்னாடி ஓடினா ஒரு பயம் இருக்கும். நீ அதைத் தொட வேண்டாம்."

"ஏனுங்க, மனுசன் கழிச்சுக்குவான். கம்ப்யூட்டர் கழிக்குமுங்களா?" என்றேன். சிரித்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அப்புறம் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் பதிவில் ஊசி முந்தி, டாக்டர் எழுதியது பிந்தி. டாக்டர் எழுதாமலே போட்டதாகச் சொல்லி நர்ஸை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்த பெண்.

"டாக்டர் எழுதின பெறகுதான் சார் போட்டேன்," என்றாள் என்னிடம். டாக்டர் அறைக் கடிகாரம் கூடுதலாக ஓடுவது அந்தக் கட்டடத்தில் யாருக்குத்தான் தெரியாது? மேனேஜருக்குப் பயந்து எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

விசாரணை அன்று காலையில் மேனேஜர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார்.

"அந்த டைம் சர்வர் வேலையை இப்பவே முடிச்சிரு. ஆபீசர் வர்றதுக்குள்ள எல்லாம் ஒண்ணா ஓடணும்."

மாதக்கணக்கில் நான் கெஞ்சிய வேலை. இப்போது செய்தால் கடிகாரம் சரியாகிவிடும், கூட்டி வைத்ததற்குத் தடயம் இருக்காது, அந்தப் பெண்ணின் பிழைப்பு போய்விடும். பிறகு நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. எனக்கு அத்தனை ஆத்திரம்.

"இன்னிக்கு அதைத் தொட மாட்டனுங்க. வேணும்னா என்னைய நிறுத்திப் போடுங்க."

வேறு யாரும் கை வைக்காதபடி டாக்டர் அறை வாசலிலேயே நின்றேன். அதிகாரி வந்ததும் இரண்டு கம்ப்யூட்டர்களின் நேரத்தையும் காட்டினேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"அது எப்பவும் கூடுதலாத்தான் ஓடும்," என்றார் டாக்டர்.

எப்பவுமாம். இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

நர்ஸை வேலையில் திரும்பச் சேர்த்தார்கள். அன்று மதியமே எல்லாவற்றையும் டைம் சர்வரோடு இணைத்துவிட்டு, இனிமேல் இப்படி நடக்காது என்று அவளிடம் சொன்னேன். ஒன்றாக ஓடும் நேரங்களைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக என்ன சார் பண்ணும். கூட வேல பாக்குறவங்க அத்தன பேருக்கும் தெரியும்லா. ஒருத்தர் கூடச் சொல்லலியே."